கை நீட்டினார்

அஃப்ஸானாவுக்கு எலும்பு தெரியும், தமிழ் தெரியாது. தெரியாது என்று சொன்னால் சண்டைக்கு வருவாள், வரட்டும். ஜித்ராவில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் முகம்மது ஹனீபாவின் ஒரே மகள் அவள். வீட்டில் பாதி மலாய், பள்ளியில் முழு மலாய், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம். மிச்சமிருந்த இடுக்கில் கொஞ்சம் தமிழ். அந்தத் தமிழை வைத்துக்கொண்டு ஒரு சாப்பாட்டுக் கடையை ஜோராக நடத்தலாம். ஒரு பெண் தான் வாங்கிய அடியைச் சொன்னால் அதைக் காதில் வாங்க முடியாது.

பிசியோதெரபி படித்து, அரசாங்க ஆஸ்பத்திரியில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, இருபத்தொன்பதாவது வயதில் ஆராய்ச்சிக்கு வந்தாள். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு முன்கை எலும்பு எப்படி உடைகிறது, உடைந்தவர்கள் எத்தனை வாரத்தில் வேலைக்குத் திரும்புகிறார்கள், இதுதான் அவளுடைய ஆய்வு. வழிகாட்டி டாக்டர் சாந்தினி.

சாந்தினியைப் பற்றிச் சொல்லிவிடவேண்டும். செர்டாங் பக்கத்து எஸ்டேட் லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தவர். குலை வெட்டுகிறவரின் மகள் எலும்பு டாக்டரானதே அந்தக் காலத்தில் பெரிய சேதி. இப்போது எலும்பு, தசை ஆராய்ச்சியில் பெயரெடுத்த ஆள். வருடத்துக்கு ஐந்து இளம் ஆய்வாளர்களைச் சேர்த்துக்கொண்டு, இரண்டே வருடத்தில் கைதூக்கி விடுவார். வெளிநாட்டுப் படிப்பு, பரிசு, வேலை எல்லாம் அவர் ஒரு கடிதம் எழுதினால் நடக்கும். எழுதாவிட்டால் நடக்காது. சரியில்லாத கட்டுரையை ஆளின் கண்ணெதிரே இரண்டாகக் கிழித்து மேசைமேல் போடுவார். அஃப்ஸானாவின் முதல் மூன்று கட்டுரைகள் அப்படித்தான் போயின.

"ஒரு வருசம், ஒரு கேள்வி, ஒரு பேப்பர். கேள்விக்கு வெளிய கால் வெச்சே, செத்தே" என்பார். அஃப்ஸானா அதைத் தன் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டாள்.

மார்ச் மாதம் செர்டாங் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் கிளினிக்கில் பேட்டி எடுத்தாள். மொத்தம் முப்பத்தேழு பெண்கள். அவர்களில் ஒருத்தி பிரேமாவதி, வயது நாற்பத்தொன்று. வெட்டின குலையிலிருந்து சிதறும் உதிரிப் பழங்களைக் குனிந்து பொறுக்குவது அவள் வேலை. இடது கையில் மாவுக்கட்டு, மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. மேசையில் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. நிரப்ப வேண்டிய பாரத்தில் நாற்பத்தாறு கேள்விகள்.

"கை எப்படிக்கா ஒடைஞ்சுச்சு?"

"விழுந்துட்டேன் மிஸி." அந்தப் பக்கத்தில் ஆஸ்பத்திரி உடுப்புப் போட்ட எந்தப் பெண்ணும் மிஸிதான்.

"விழுந்தப்போ பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களா?"

"அவருதான் இருந்தாரு."

"அண்ணன் என்னா செஞ்சாரு?"

பிரேமாவதி வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை. கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, குரலை இறக்கிச் சொன்னாள்.

"கை நீட்டிட்டாரு மிஸி."

"ஓ, ரொம்ப நல்லதுக்கா. அடுத்த கேள்விக்குப் போலாமா?"

உங்களுக்கு விளங்கிவிட்டது. தமிழ் பேசும் எந்த வீட்டிலும் இது விளங்கும். புருஷன் கை நீட்டினான் என்றால் அடித்தான் என்று அர்த்தம், அதற்கு அகராதி வேண்டாம். அஃப்ஸானாவுக்கு விளங்கவில்லை. அவளுடைய அத்தாவின் கடையில் கை நீட்டுகிறவன் ஒன்று காசு கொடுப்பான், இல்லையென்றால் சோறு கேட்பான். இங்கே ஒரு பெண் விழுந்திருக்கிறாள், பக்கத்தில் நின்ற கணவர் கையை நீட்டித் தூக்கி விட்டிருக்கிறார். பாரத்தில் ஆங்கிலத்தில் அப்படியே எழுதினாள். 'குடும்ப ஆதரவு: உண்டு' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டாள். பிரேமாவதி அந்த டிக்கையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மிச்சமிருந்த கேள்விகளுக்கெல்லாம் ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் சொன்னாள்.

முப்பத்தேழு பேரில் பதினாலு பேர் கை நீட்டிய கணவர்களைப் பற்றிச் சொன்னார்கள். எஸ்டேட் ஆண்களைப் பற்றி ஊர் என்னென்னவோ பேசுகிறதே, எவ்வளவு அனுசரணையாக இருக்கிறார்கள் என்று அஃப்ஸானா மனம் குளிர்ந்து போனாள். பாவி!

ஒன்று மட்டும் அவளை உறுத்தியது. கீழே விழுகிறவர்கள் உள்ளங்கையை ஊன்றுவார்கள். மணிக்கட்டுப் பக்கம் உடையும். இந்தப் பதினாலு பேருக்கும் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு, நட்டநடுவில், குறுக்கே உடைந்திருந்தது. மற்ற இருபத்துமூன்று பேருக்கும் மணிக்கட்டில்தான். எக்ஸ்ரே படங்களை எடுத்துக்கொண்டு சாந்தினியின் அறைக்குப் போனாள்.

சாந்தினி முதல் படத்தைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவதை நெடுநேரம் பார்த்தார்.

"வாய்க்கா ஓரத்துல விழுந்திருப்பாங்க. சிமெண்டு விளிம்புல கை பட்டிருக்கும். அப்படியே எழுதிக்க."

"பதினாலு பேருமா டாக்டர்?"

"அஃப்ஸானா, உன் கேள்வி என்னா?"

"விழுந்தவங்க எப்ப வேலைக்குத் திரும்புறாங்க."

"அப்ப அதப் பாரு லா."

"நீங்க ரெண்டு ரெக்கார்டிங் மட்டும் கேக்குறீங்களா டாக்டர்? என் தமிழ் கொஞ்சம்…"

"உன் தமிழ் போதும். பதினஞ்சாம் தேதி கடைசி நாளு. போ."

அவள் போனாள். எஸ்டேட் வருகைப் பதிவேட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்ததில் மற்றவர்கள் ஏழு வாரத்தில் வேலைக்குத் திரும்ப, அந்தப் பதினாலு பேர் மூன்றே வாரத்தில், மாவுக்கட்டோடு, ஒற்றைக் கையால் பழம் பொறுக்கத் திரும்பியிருந்தார்கள். கட்டுரைக்கு முடிவு தானாக வந்து உட்கார்ந்தது: கணவரின் ஆதரவு கிடைத்த பெண்கள் சீக்கிரம் குணமாகிறார்கள். வீட்டில் இருப்பதைவிடக் காட்டில் ஒடிந்த கையோடு குனிவது மேல் என்று ஒரு பெண் நினைப்பாள் என்பது அவள் பாரத்தின் எந்தக் கட்டத்திலும் இல்லை. ஜூலை மாத மாநாட்டில் சிறந்த இளம் ஆய்வாளர் பரிசு அவளுக்குக் கிடைத்தது. கடையில் அன்று வந்தவர்களுக்கெல்லாம் ஹனீபா தேத்தண்ணீர் இலவசமாகக் கொடுத்தார்.

அடுத்தது இரண்டு வருட வெளிநாட்டுப் படிப்பு. அதற்கு நேர்முகம் ஒரு வியாழக்கிழமை. "ஆய்வு ஆய்வோட நிக்கல, ஜனங்களுக்குப் போய்ச் சேர்ந்துச்சுன்னு காட்டணும்" என்று சாந்தினி சொன்னார். ஆகவே அதற்கு முந்திய சனிக்கிழமை மத்தியானம் எஸ்டேட் மண்டபத்தில் 'குடும்பத்தோடு குணமாவோம்' என்று ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். ஆதரவு தந்த கணவர்களுக்குத் துண்டு. பெண்களுக்குத் தோள், கை பயிற்சி செய்ய ஒரு மீட்டர் வெள்ளைத் தண்ணீர்க் குழாய், இரண்டு முனையிலும் ரப்பர் மூடி போட்டது. குழாய்களை அஃப்ஸானாவே கடைக்குப் போய் அளந்து வெட்டி வாங்கி வந்தாள்.

சாந்தினி வந்து, ரிப்பன் வெட்டி, படம் எடுத்துக்கொண்டு காரில் கிளம்பிவிட்டார். அஃப்ஸானா மைக்கைப் பிடித்தாள். முன்வரிசையில் பிரேமாவதியின் கணவன் புவனேசன், குலை வெட்டுகிற ஆள், சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"புவனேசன் அண்ணே, எந்திரிச்சு நில்லுங்கண்ணே. எல்லாரும் இவரப் பாருங்க. பிரேமாக்கா விழுந்தப்போ இவருதான் கை நீட்டினாராம். அக்காவே என்கிட்ட சொன்னாங்க. இப்படிக் கை நீட்டுற புருசன் எல்லா வீட்டுலயும் இருக்கணும். ஒரு தடவ கைதட்டுங்க!"

யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் எவனோ ஒருவன் அடக்க முடியாமல் சிரித்தான். அதைத் தொடர்ந்து இன்னும் நாலைந்து பேர். புவனேசன் எழுந்து, சிரித்த முகத்தோடு துண்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். பிரேமாவதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூச்சம் போலிருக்கிறது என்று அஃப்ஸானா நினைத்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு மண்டபத்தைப் பெருக்கும்போது பிரேமாவதியின் பயிற்சித் தாள் நாற்காலியிலேயே கிடந்தது. கொடுத்துவிட்டுப் போகலாமென்று அஃப்ஸானா லயத்துப் பக்கம் நடந்தாள். பக்கத்து வீட்டு மருதம்மாள் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்பப் போவாதீங்க மிஸி."

ஏன் என்று கேட்பதற்குள் சத்தம் கேட்டது. கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. பிரேமாவதி அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே மூலையில் சுருண்டு கிடந்தாள். புவனேசன் கையில் வெள்ளைக் குழாய். இஸ்திரிச் சட்டையின் முன்பக்கமெல்லாம் ரத்தம், அவனுடையதல்ல.

"எல்லார் முன்னாலயும் மானத்த வாங்குறியா? கை நீட்டினேன்னு சொன்னியாடி? கை நீட்டினேனா? இது கை நீட்டுறது! இது! இது!"

ஒவ்வொரு 'இது'வுக்கும் ஒரு அடி. முகத்துக்கு மேலே மறைத்திருந்த இடது கை, மார்ச்சில் உடைந்து ஜூனில் கூடிய கை, அதே இடத்தில் மறுபடி முறிந்தது. அந்தச் சத்தத்தை அஃப்ஸானா ஆஸ்பத்திரியில் எந்த நாளும் கேட்டதில்லை. அங்கே உடைந்த பிறகுதான் வருவார்கள். இடது கை தொங்கிப்போனதும் பிரேமாவதி வலது கையைத் தூக்கினாள். அவன் அதையும் அடித்தான். வாயிலிருந்து இரண்டு பல் தரையில் விழுந்து அடுப்படிக்கு உருண்டது.

அப்போதுதான் அஃப்ஸானாவுக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் தெரிந்தது. பதினாலு பேரும் ஒரே நேரத்தில் அவள் காதுக்குள் பேசினார்கள்.

"விடுங்கண்ணே! அண்ணே, விடுங்க!" ஓடிப்போய் நடுவில் நின்றாள்.

"நீதான? நீதான கைதட்டச் சொன்னே?"

குழாய் அவள் முகத்துக்கு நேரே வந்தது. அவளுடைய கை தானாக மேலே போயிற்று. அதை யாருக்கும் யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. சுண்டுவிரல் பக்கத்து எலும்பு, நட்டநடுவில், குறுக்கே. கண்ணுக்கு முன்னால் எல்லாம் வெள்ளையாகப் போயிற்று. இரண்டாவது அடி விழுந்திருந்தால் மண்டை பிளந்திருக்கும். அதற்குள் மருதம்மாள் துவைக்கிற கட்டையோடு உள்ளே வந்து அவன் முட்டியைப் பார்த்து ஒரு போடு போட்டாள். கால்முட்டிச் சில்லு தெறித்தது. அன்றைக்கு அந்த வீட்டில் உண்மையாகவே விழுந்தவன் அவன் ஒருவன்தான். விழுந்தவனை அவள் இன்னும் இரண்டு போட்டாள், நான் தடுக்கமாட்டேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கட்டில்கள் பக்கத்துப் பக்கத்தில். பிரேமாவதிக்கு இரண்டு கை, மூன்று விலா எலும்பு, தாடை. பேச முடியவில்லை, கண் மட்டும் திறந்திருந்தது. பதிவு எழுதும் பெண் அஃப்ஸானாவிடம் வந்து கேட்டாள்: "ஜாத்தோ கே?" விழுந்தீர்களா என்று. மலாயிலும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் சாந்தினி வந்து சேர்ந்தார். நேராகக் கட்டிலருகே குனிந்தார்.

"விழுந்துட்டேன்னு சொல்லு. அடின்னு எழுதினா போலீஸ் வரும். ஆய்வுக்கு அனுமதி கொடுத்த குழு எல்லாத்தையும் நிறுத்திடும். பரிசு போயிடும், வியாழக்கிழமை போயிடும். ரெண்டு வருசம் நீ பட்ட பாடு மண்ணாப் போயிடும். அந்தம்மாவுக்கு நான் தனியா ஏற்பாடு செய்றேன். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்மா."

'மா' என்று அவர் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அஃப்ஸானாவுக்கு அழுகை வந்தது. வெளிநாட்டுப் படிப்பு வேண்டும் என்ற ஆசை அப்போதும் நெஞ்சில் இருந்தது, அதை மறைத்து என்ன? கட்டிலுக்கு எதிரே திரையில் அவளுடைய எக்ஸ்ரே தெரிந்தது. அதைக் காட்டினாள்.

"டாக்டர், இது வாய்க்கா ஓரத்துல விழுந்ததா?"

சாந்தினி திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அஃப்ஸானா பதிவுப் பெண்ணின் பக்கம் திரும்பி, "கெனா புக்குல்" என்றாள். பிறகு, பக்கத்துக் கட்டிலில் இருப்பவளுக்கும் கேட்கட்டும் என்று தமிழிலும் சொன்னாள்: "அடிச்சாரு. அந்தக்காவ அடிச்சாரு, தடுக்கப் போன என்னையும் அடிச்சாரு. எழுதுங்க." பிரேமாவதி கண்ணை மூடிக்கொண்டாள். போலீஸ் புவனேசனை முட்டிக் கட்டோடு ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கொண்டுபோனது.

வியாழக்கிழமை நேர்முகத்துக்கு அவள் போகவில்லை. அன்று கழுத்தில் கையைத் தொங்கவிட்டபடி சாந்தினியின் அறைக்கு ரெக்கார்டரோடு போனாள்.

"ஒரு மொழிபெயர்ப்புத் தப்பு" என்றார் சாந்தினி. "திருத்தி எழுதி அனுப்பலாம். நான் பேசிக்கிறேன்."

அஃப்ஸானா பொத்தானை அமுக்கினாள். பிரேமாவதியின் குரல்: "கை நீட்டிட்டாரு மிஸி." உடனே அவளுடைய சொந்தக் குரல், பிரகாசமாக: "ஓ, ரொம்ப நல்லதுக்கா. அடுத்த கேள்விக்குப் போலாமா?" இன்னொரு பெண். அதே வார்த்தை. "ஓ, ரொம்ப நல்லதுக்கா." மூன்றாவது பெண் சொல்லும்போதே அழுதிருக்கிறாள், அது அன்றைக்கு ஜலதோஷம் மாதிரி கேட்டிருந்தது. "ஓ, ரொம்ப நல்லதுக்கா."

"நிறுத்து" என்றார் சாந்தினி.

அவள் நிறுத்தவில்லை. ஐந்து, ஆறு, ஏழு. சாந்தினி மேசையில் ஓங்கி அறைந்தார். தேத்தண்ணீர்க் கோப்பை கீழே விழுந்து சிதறியது. "நிறுத்துன்னு சொல்றேன்ல! எனக்குத் தெரியும்! படத்தப் பாத்தப்பவே தெரியும். எங்க லயத்துல இப்படி ஒடிஞ்ச கை இல்லாத பொம்பள கெடையாது. அதக் கேக்கப் போனா புது அனுமதி, புதுக் கேள்வி, இன்னொரு வருசம். உன்னக் கரையேத்தணும்னு பாத்தேன். தப்பா?"

"எனக்கு வார்த்தை தெரியாது டாக்டர். உங்களுக்கு எலும்பும் தெரியும், வார்த்தையும் தெரியும்."

பதினாலும் முடிகிற வரைக்கும் ரெக்கார்டர் ஓடியது. அதற்கப்புறம் அவள் பரிசைத் திருப்பிக் கொடுக்கக் கடிதம் எழுதினாள், கட்டுரையைத் திரும்பப் பெற இன்னொரு கடிதம் எழுதினாள். இரண்டிலும் காரணத்தை ஒரே வரியில் சொன்னாள்: 'அடித்தார் என்பதை உதவினார் என்று நான் எழுதிவிட்டேன்.' சாந்தினி கையெழுத்துப் போடவில்லை. அந்த வருடம் வெளிநாடு போனது வேறொருவர். அஃப்ஸானா பழைய ஆஸ்பத்திரியிலேயே பிசியோதெரபி வேலைக்குத் திரும்பினாள். சாயங்காலங்களில் முப்பத்தேழு ரெக்கார்டிங்கையும் ஆரம்பத்திலிருந்து கேட்டுப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தாள். புரியாத வார்த்தைக்கு மருதம்மாளுக்கு போன் போட்டுக் கேட்டாள்.

மூன்று மாதம் கழித்து பிரேமாவதி கட்டுப் பிரித்த கையைக் காட்ட அங்கே வந்தாள். தஞ்சோங் டாவாயில், தங்கை யோகேஸ்வரி வீட்டில் இருந்தாள். இடது எலும்பு சரியாகக் கூடவில்லை. உள்ளங்கையை மேலே திருப்ப முடியாது. தாடை ஒரு பக்கமாக இழுத்திருந்தது.

"உங்களுக்குக் கூடிருச்சா மிஸி?"

"கூடிருச்சுக்கா. அக்கா… என்னை மன்னிச்சிருங்க."

"மன்னிச்சா என் பல்லு மொளைச்சிருமா?"

அஃப்ஸானா தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு அந்த வார்த்தை தெரியாதுக்கா."

"தெரியாதது தப்பில்ல. பத்தொம்பது வருசமா எங்கம்மாகிட்ட சொல்லல, தங்கச்சிகிட்ட சொல்லல. உங்ககிட்டதான் மொதமொத வாயத் தொறந்தேன். அப்படின்னா என்னாக்கான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா வெளக்கிச் சொல்லியிருப்பேன்ல. நீங்க அடுத்த கேள்விக்குப் போயிட்டீங்க."

உள்ளே நர்ஸ் பிரேமாவதியின் எண்ணைக் கூப்பிட்டாள். அவள் எழுந்து கதவருகே போனாள். வலது கையில் சீட்டைப் பிடித்திருந்ததால் இடது கையால் கைப்பிடியைத் திருப்பப் பார்த்தாள், கை திரும்பவில்லை. உதவலாம் என்று அஃப்ஸானா பின்னாலிருந்து சட்டென்று கை நீட்டினாள். பிரேமாவதி கண்ணை இறுக மூடி, கூடாத அந்தக் கையை முகத்துக்கு மேலே தூக்கினாள்.